வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டேன், தினா

தினா, என் தங்கமே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க முடியாத கடிதம் இது. நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி நடமாடுகிறாள். கார்த்திகை தீபக் கூட்டம் போய் இரண்டு வாரம் ஆகிறது. செங்கம் ரோட்டில் இப்போதுதான் ஆட்டோ திரும்ப இடம் கிடைக்கிறது. நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் ரூம் எல்லாம் காலி. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் சிஸ்டத்தை நான் கெடுத்துவிட்டேன். வேறு யாரும் இல்லை, நான்தான்.

அது வீட்டுக்கு வந்தபோது நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாய். வாங்கிக்கொள் என்றேன். ஆனால் ரெடிமேடாக வாங்கு, ஒரே பெட்டி, ஒரே பில், கெட்டுப்போனால் ஒரே ஒரு போன் என்றேன். நீ மதர்போர்டு தனி, கிராபிக்ஸ் கார்டு தனி என்று மாதத்துக்கு ஒரு சாமானாக வாங்கி நீயே மாட்டப்போவதாகச் சொன்னாய். ஸ்கேன் சென்டரில் டோக்கன் எழுதுகிறவனுக்கு எதற்கு இந்த மெக்கானிக் வேலை என்று கேட்டேன்.

"ரெடிமேட்ல வெளிய மினுக்கும்க்கா. உள்ள கம்மி சாமானா போட்டிருப்பான். பவர் சப்ளைல கை வெப்பான். அவன் பிளக்கே வேற மாதிரி இருக்கும், நாளைக்கு நமக்கு எதுவும் சேராது."

"சரி, நீ மாட்டினது கெட்டுப்போனா யாரக் கூப்புடறது?"

"நான் மாட்டினத நான் கழட்டமாட்டேனா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சரி என்றேன். பதில் அத்தனை சரியாக இருந்தது. அதில் ஓர் ஓட்டை இருந்தது நம் இருவருக்குமே தெரியவில்லை. மாட்டியவன் வீட்டில் இருக்க வேண்டும், தினா. நீ எங்கே இருக்கிறாய்?

நீ விளையாடும்போதெல்லாம் அதைப் பதிவு செய்து வைப்பாய் இல்லையா, பேச்சும் சத்தமுமாக. நீ போன பிறகு எங்களுக்கு அதுதான் மிச்சம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா முகம் கழுவி, உன் நாற்காலியில் வந்து உட்காருவாள். உன் நாலு எண் பாஸ்வேர்டைத் தட்டித் திறந்து ஒன்றைப் போடுவேன். யாரைச் சுடுகிறாய், எங்கே ஓடுகிறாய் என்பது அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. நடுவில் "எம்மா, காபி" என்று நீ கத்தும் இடத்துக்காகக் காத்திருப்பாள். அது வந்ததும் எழுந்து போய் உண்மையாகவே காபி போடுவாள். நான்தான் அதைக் குடிப்பேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் நாங்கள் போட்டதில்லை. கடைசி நாளுடையது.

அன்று அம்மாவின் மாத்திரை தீர்ந்திருந்தது. மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எழுந்திருக்கவில்லை. சமையலறையிலிருந்தே கத்தினேன். அந்த டப்பாவை உடைத்துப் போடுவேன் என்று சொன்னேன். நீ பதில் சொல்லவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. பைபாஸ் திருப்பத்தில் அந்த வேன் வந்தது. என்மேல் கோபத்தோடு போனாயா? பதில் கூடச் சொல்ல மனமில்லாமல் போனாயா? ஒரு வருஷமாக இதைத் தவிர வேறொன்றும் நான் யோசிக்கவில்லை. கெஸ்ட் ஹவுஸில் சாவி கொடுக்கும்போதும் இதுதான், அம்மாவுக்கு ஊசி போடும்போதும் இதுதான்.

பதில் அந்தப் பதிவில் இருக்கலாம் என்று தெரியும். கேட்கத் தைரியம் வரவில்லை. வருஷம் திரும்பட்டும் என்று தள்ளினேன். திரும்பியது. ஆயுத பூஜை அன்று சாமி கும்பிட்டுவிட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

போன வருஷம் தீட்டு, வீட்டில் பண்டிகை இல்லை. உன் சிஸ்டத்துக்கும் பொட்டு வைக்கவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் நீ பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைப்பதை வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறேன். கிட்டே வந்து பார்த்ததில்லை. அதனால் வண்டியைத் துடைப்பதுபோல ஈரத் துணியால் உள்ளே எல்லாம் துடைத்தேன். சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து, எந்தச் சாமானும் விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். கார்டுக்கு மூன்று. அதுதான் விலை ஜாஸ்தி என்று நீ சொல்லியிருக்கிறாய். கற்பூரம் காட்டிவிட்டு, அம்மாவை உட்கார வைத்து, சுவிட்சைப் போட்டேன்.

பட்டென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. புகை வாசனை வந்தது.

"இன்னாடி, கற்பூரம் இன்னும் அணையலயா?" என்று கேட்டாள் அம்மா.

ஆமாம்மா என்று சொன்னேன். உள்ளே ஃபேன் ஓடவில்லை, காலையில் ஆள் வந்து பார்ப்பார் என்றேன். அந்தக் காலை வருவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் தினமும் நாலு மணிக்கு அம்மா அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்காமல் இருந்ததற்கு அவருக்குப் புண்ணியம். "இது அசெம்பிள் மேடம். எது போச்சுன்னு ஒண்ணொண்ணா கழட்டிப் பாக்கணும், எனக்கு டைம் இல்ல. ரெடிமேடா புதுசு எடுத்துக்கோங்க, பழைய டிரைவ அதுல மாட்டித் தரேன்" என்றார். கெஸ்ட் ஹவுஸ் முதலாளியம்மாவிடம் முன்பணம் கேட்டு எடுத்தேன். நான் அன்று கேட்டேனே, அதே மாதிரி ரெடிமேட். கலர் கலராக மின்னியது. பின்பக்கத்தில், இதைப் பிரித்தால் வாரண்டி கிடையாது என்று ஒரு வெள்ளி ஸ்டிக்கர்.

உன் பதிவுகள் எல்லாம் இருக்கும் டிரைவை அதில் மாட்டினார். உன் நாலு எண் செல்லவில்லை. நாற்பத்தெட்டு எண் சாவி ஒன்றைக் கேட்டது. இந்த டிரைவ் பூட்டியிருக்கிறது, உன் பழைய மதர்போர்டில் மட்டும்தான் சாவியில்லாமல் திறக்கும் என்றார். சாவி உன் மெயிலில் இருக்கலாமாம். மெயிலைத் திறக்க உன் போனுக்கு ஓர் எண் வருமாம். போன் உன்னோடு நொறுங்கியது. அந்த நம்பரை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். கடையை விட்டு வெளியே வந்து, பைக் நிறுத்துகிற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னை இரண்டாவது தடவையும் கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. ஒரு பூக்காரம்மா தண்ணீர் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது ஒரே ஆள், சாதிக். தேரடித் தெருவில் தாத்தா காலத்திலிருந்து கடை வைத்திருக்கிற குடும்பம், இவன் மட்டும் போன் சர்வீஸ் பார்க்கிறான், உன் கூட்டாளி. கடைசி நாளில் உன்னோடு விளையாடிக்கொண்டிருந்தவன் அவன். மறுநாள் சாவு வீட்டில், உன் அறையில் சிஸ்டம் இன்னும் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, பதிவை நிறுத்திச் சேமித்து அணைத்தவனும் அவன்தான். அவன் முகத்தைப் பார்த்து அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? உன்கூட விளையாடித்தான்டா என் தம்பி போனான் என்றேன். அதற்கப்புறம் அவன் நம் தெருப்பக்கமே வரவில்லை.

போனேன். கடை வாசலில் நின்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை, சந்தனம் வைத்துவிட்டேன் என்றுதான் சொன்னேன்.

"நான் போன்தான்க்கா பாக்கறேன், சிஸ்டம் அவன் பாப்பான்" என்றான். அவன் என்று உன்னைச் சொன்னான். அப்புறம் எழுந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பரணில் நீ அடுக்கி வைத்த காலி அட்டைப் பெட்டிகளை எல்லாம் இறக்கினோம். குப்பை என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். ஒவ்வொன்றிலும் எது எங்கே மாட்ட வேண்டும் என்று படம் போட்ட புத்தகம் இருந்தது. சாதிக் கழற்றினான், நான் வாசித்தேன். அப்புறம் நான் கழற்றினேன், அவன் வாசித்தான். பழைய டூத் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டு, நான் வைத்த பொட்டுகளை நானே ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். பவர் சப்ளை செத்திருந்தது. கார்டும் செத்திருந்தது. போர்டு பிழைத்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

புது ரெடிமேட் பெட்டி மூலையில் மின்னிக்கொண்டு நின்றது. அதை நான் பார்த்தேன். சாதிக்கும் பார்த்தான்.

"ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி போயிடும்க்கா."

கிழித்துவிட்டேன், தினா. ஒரே பில், ஒரே போன் என்று உன்னோடு சண்டை போட்டவள், அந்த ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தேன். உள்ளே நீ சொன்னதுதான் இருந்தது. பவர் சப்ளையின் பிளக் வேறு மாதிரி, உன் போர்டில் சேரவே இல்லை. அதற்கு வேலூர் வரை போய் வேறு வாங்கி வந்தான் சாதிக். கார்டு மட்டும் சேர்ந்தது. அது போய் உட்கார்ந்து கிளிக் என்றது, உன் டிரைவையும் திருப்பி மாட்டினோம்.

போன வியாழக்கிழமை நாலு மணிக்குப் போட்டோம். முதல் தடவை வரவில்லை. சாதிக் மெமரியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினான். இரண்டாவது தடவை ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. அம்மா முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டேன். அப்புறம் திரை வெளுத்து, நாலு எண் கேட்டது.

இனிமேல் தள்ளிப்போட வேண்டாம் என்று கடைசிப் பதிவையே போட்டேன்.

முதலில் நீயும் சாதிக்கும் கத்திக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம் நீ, "டேய், அக்கா கூப்புடுது. அஞ்சே நிமிஷம். ஆஃப் பண்ணாத, வந்துடறேன்." ஹெட்செட்டை மேஜைமேல் வைக்கும் சத்தம். தூரத்தில் என் குரல், எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா, "அந்த டப்பாவ ஒருநாள் ஒடச்சிதான் போடப்போறேன் பாரு." உடனே மிக்ஸி ஓட ஆரம்பிக்கிறது. நான்தான் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலுக்கு அடியில், கதவுப்பக்கம் போய்க்கொண்டே நீ சொல்கிறாய்.

"ஒடச்சிக்கோக்கா. திருப்பி மாட்டிக்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாய்.

நீ பதில் சொல்லியிருக்கிறாய். என் காதில்தான் விழவில்லை. அதற்கப்புறம் மிக்ஸி நிற்கிறது, வண்டி போகிறது, அறையில் வெறும் ஃபேன் சத்தம். இரண்டு தடவை சாதிக்கின் குரல், "தினா, வந்துட்டியாடா?" என்று கேட்கிறது. எங்களோடு உட்கார்ந்திருந்த சாதிக் அதைக் கேட்கமாட்டாமல் எழுந்து வெளியே போனான். அதற்கு மேல் போனால் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் அழுததும் அதில் இருக்கும். நிறுத்தினேன்.

"அவன் சிரிக்கிற எடத்த இன்னொருவாட்டி போடும்மா" என்றாள் அம்மா. போட்டேன். பிறகு எழுந்து காபி போட்டாள். அன்று அதைச் சாதிக் குடித்தான்.

கோபம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் நீ வந்துவிடவா போகிறாய்? ஆனாலும் உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். உன் பதிவுகளை எல்லாம் மூன்று இடத்தில் எடுத்து வைத்துவிட்டோம். அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டு வெளிக் கண்ணாடியில் மட்டும்தான். உன் சிஸ்டம் இனி எத்தனை தடவை கெட்டாலும் யாரையும் கூப்பிடமாட்டேன். நீ மாட்டியதை நான் கழற்றுவேன், நானே திருப்பி மாட்டுவேன்.

மிக்ஸியை நிறுத்திவிட்டு உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
கவிதா