அலமேலுவின் அரை அங்குலம்

1936 ஜூன் 1, திங்கள்

மைசூரில் விடியலிலிருந்து தூறல். குடை ஆஸ்பத்திரியிலேயே. நனைந்துகொண்டே அக்ரகாரம், அலமேலு வீடு. நாலாவது வாரம்.

வயது பத்தொன்பது. போன வருஷம் நஞ்சன்கூடு ரோட்டில் ஜட்கா கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிவு. கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து தாய் வீட்டில். புருஷன் மேலுகோட்டையில்.

என் வேலை: எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது, கால் பயிற்சி, வாரம் ஒரு அளவு. எலும்பு என்ன மாவா, பிடித்தால் நேராக?

கதவு சாத்தி, துப்பட்டி போர்த்தி, "இப்போ வலது பக்கம் தொடறேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கை. இடுப்பின் முன்பக்கம், ஆளுக்கொரு பக்கமாக இரண்டு எலும்பு முனை. அவற்றின் மேல் வைத்த என் கட்டைவிரல் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கணும். இடது ஒரு அங்குலம் மேலே. நாலு வாரமாக அதே ஒன்று.

டாக்டரம்மா: "இப்படியே இருந்தா பிரசவம் தாங்க மாட்டா." அலமேலுவுக்கும் தெரியும்.

ஜூன் 8, திங்கள்

வெயில். மேலுகோட்டையிலிருந்து அவள் நாத்தனார் வந்து உட்கார்ந்திருக்கிறாள், கண்ணால் பார்த்துப் போக. அலமேலு கூறைப் பட்டில், மடிசார். தளர்த்த மாட்டேன் என்றாள். நாத்தனாரை வெளியே போகச் சொன்னேன். அசையவில்லை. சரி என்று புடவை மேலேயே தொட்டுப் பார்த்தேன்.

அரை அங்குலம்!

வாய் சும்மா இருந்ததா? உரக்கச் சொல்லிவிட்டேன்.

நாத்தனார்: "அப்போ ஆடிக்கு முன்னாடி அழைச்சுண்டு போயிடறோம். அண்ணாவுக்கு வேற பொண்ணு பாக்கறதை நிறுத்தச் சொல்றேன்."

அலமேலுவின் அம்மா எனக்குக் காபி கொடுத்தாள். முதல் தடவை. வழியெல்லாம் எனக்கே சிரிப்பு.

வாங்க: சோப்பு, ஊசி, லாந்தர் திரி.

ஜூன் 15, திங்கள்

மழை. இன்றைக்கு நூல் புடவை. துப்பட்டிக்குள் வழக்கம்போல. ஒரு அங்குலம். மறுபடி பார்த்தேன். ஒரு அங்குலம்.

"அன்னிக்கு எப்படிடி?"

"வலது பக்கம் புடவைக்குள்ள துணி மடிச்சு வச்சுண்டேன், சிஸ்டர்."

அறையலாம் போல ஆத்திரம். நானும் ஒரு நர்ஸா? துணிக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாத கை.

"பிள்ளை உண்டானா செத்துப்போவடி!"

"அதுக்கு ஒரு வருஷமாவது ஆகுமோன்னோ? அந்த ஒரு வருஷம் போதும். சொல்லாதேங்கோ."

என் கையை விடவே இல்லை. சமையலறையில் அவள் அம்மா சீர் முறுக்கு சுற்றும் சத்தம். நேரே போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் நிமிரவே இல்லை. "இவளுக்குக் கீழே இன்னும் ரெண்டு இருக்கு, சிஸ்டர். வாழாவெட்டி ஆத்துல யார் பொண்ணெடுப்பா?"

பெற்றவளா இவள்! என்ன சொல்ல வாய் இருக்கிறது எனக்கு? நாத்தனார் காதில் போட்டவள் நான்தானே.

ஜூன் 16, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் எல்லாம் சொல்லித் திட்டு வாங்கினேன். பிள்ளை உண்டானால் அவள் உயிருக்கே ஆபத்து என்று மேலுகோட்டைக்குக் காகிதம் எழுதிவிட்டார். அலமேலு புருஷன் பெயருக்கு.

ஜூன் 22, திங்கள்

தூறல். அக்ரகாரம் போனேன். அலமேலு இல்லை. மேலுகோட்டையிலிருந்து நேற்றே வந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

"காகிதம் வந்துதாமா அவருக்கு?" என்று கேட்டேன்.

"வந்துதாம்," என்றாள் அவள் அம்மா. "மாப்பிள்ளை படிச்சுட்டு, ஒரு பிள்ளை பொறந்தாப் போதும்னாராம்."