மலையேறாத கிழவி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு என்னதான் வேண்டுமாம் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று போன கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்; அதை நம்பாதே. நீயும் அத்தானும் மாறி மாறிப் படித்து அழுததாகச் சொன்னாய். அழும்படி எழுதத் தெரிவது வேறு, விஷயம் தெரிவது வேறு.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ அழ ஆரம்பிப்பாய், நான் பாடம் நடத்த ஆரம்பிப்பேன். அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. பல நாளாகத் தண்ணீர் போதாமல் சிறுநீரில் கிருமி சேர்ந்து, அது ரத்தத்தில் கலந்துவிட்டது. முந்தாநாள் குளிர்ஜுரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டபோதுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்து பார்க்கலாம், ஆனால் இதயம் பலவீனமாக இருப்பதால் தாங்காமலும் போகலாம் என்கிறார் டாக்டர். வேண்டாமென்றால் வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம். பிறகு சில நாட்கள்தான். நாளைக் காலை முடிவான பதில் சொல்ல வேண்டும். உண்மையில் வந்த அன்றே நான் பதில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கே கொண்டுபோகிறோம், அம்மாவின் விருப்பம் அதுதான் என்று. நீயும் சரி என்றாய். என் கடிதத்தைப் படித்துவிட்டு வேறு என்ன சொல்வாய்?

கல்லூரியில் இந்தப் பருவத்தில் நான் நடத்தும் பாடம் உனக்குத் தெரியும்: உலகக் கதைகளில் முதிய பெண்கள். காட்டோரம் குடிசை போட்டுக் குழந்தைகளைத் தின்கிறவள், மூலிகை கொடுத்து வீரனை வழியனுப்புகிறவள், காதலர்களுக்கு நடுவே தூது போகிறவள், மருமகளைக் கரித்துக் கொட்டுகிறவள். எந்த தேசத்துக் கதையானாலும் ஒன்று ஊட்டுகிறாள், இல்லையென்றால் தின்கிறாள். சும்மா பசித்துக் கிடக்கிறவள் ஒருத்தியும் இல்லை. பாடம் தயாரிக்கும்போது இவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். இடுப்பெலும்பு முறிந்து கூடத்துக் கட்டிலோடு கிடந்தவளுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. நான்தான் கிடைத்தேன், பாவம். துணி ஆலையில் தரம் பார்த்த கண் அல்லவா, கதையிலும் இழை விட்ட இடத்தில்தான் விரல் வைப்பாள். "இத்தனை கிழவில ஒருத்திக்குக்கூட முட்டி வலிக்கலையாடி? எழுதினவன் தூரத்துல நின்னு பாத்திருக்கான்" என்றாள் ஒருநாள். மறுநாள் வகுப்பில் அதை என் கருத்துபோலச் சொன்னேன். பிள்ளைகள் மும்முரமாகக் குறித்துக்கொண்டார்கள்.

பஞ்சம் வந்தால் வயதானவர்களை மலையில் கொண்டுபோய் விடுகிற கதை பல நாடுகளில் உண்டு. ஒரு வடிவத்தில் கிழவி மகனுக்குச் சிரமம் வைக்காமல் தானே கிளம்பிவிடுகிறாள். அதை வாசித்துக் காட்டிய வாரத்தில்தான் அம்மா டீ வேண்டாம் என்றாள். பிறகு தண்ணீரை உதட்டில் வைத்துவிட்டுத் தம்ளரைத் தள்ளினாள். இரவுச் சாப்பாட்டில் நாலு வாய் எடுத்தால் அதிகம். நான் சமைக்கப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தலைமாட்டில் ஒரு மணி வைத்திருந்தேன், எதற்கும் அடிக்கட்டும் என்று, ஒருமுறைகூட அடிக்கவில்லை.

இதையெல்லாம்தான் உனக்கு எழுதினேன். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை விடுவித்துக்கொள்கிறாள், தடுக்க நமக்கு உரிமையில்லை என்று. ஒலிக்காத மணியைப் பற்றி மட்டும் ஒரு பத்தி. வற்புறுத்தவில்லை, அக்கா. அவள் உயிர், அவள் முடிவு என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன். படிக்காத மகளாக இருந்தால் வாயைப் பிடித்து ஊற்றியிருப்பாள்.

இங்கே பக்கத்துக் கட்டிலில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவர். வார்டின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். நேற்று மதியம், மருந்து ஏறி அம்மா கொஞ்சம் தெளிந்திருந்தபோது, தண்ணீர் குடிக்காமல் இப்படி இழுத்துவிட்டுக்கொண்டாயே என்று அவர் அம்மாவைத் திட்டினார். நான் திரைக்கு இந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"குடிச்சா போகணும்ல" என்றாள் அம்மா. "ஒவ்வொரு தடவையும் அவதான் தூக்கணும். அவளுக்கே முதுகுல எலும்பு விலகிக் கிடக்கு. பெல்ட்ட இறுக்கிக்கிட்டு வந்து நிப்பா. பல்லக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கும். அதான் கொறச்சுக்கிட்டேன்."

பசிக்கவில்லையா என்று கேட்டார் கண்டக்டரம்மா.

"பசிக்காம? அவ சமைக்கிற வாசனை வந்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்குவேன்."

"வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா ஆள் போடுவா. யாரோ ஒருத்தி வந்து என் துணிய அவுக்கணுமாக்கும்."

கண்டக்டரம்மா சற்று யோசித்தார். "ஒம் பொண்ணு பெரிய படிப்புன்னாங்களே. என்ன படிச்சிருக்கு?"

"கிழவிங்களப் பத்தி."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். நான் ஆரஞ்சை உரித்து முடித்து, தோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போடுகிற, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று, கீழே வாளி வைத்தது, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. கூடத்துக்கு அழகாக இருக்காது என்று நான் வாங்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது தண்ணீர் கேட்கிறாள். சிறுநீர் இறங்காததால் கொடுக்கக் கூடாதாம். நீர் நெஞ்சில் சேர்ந்து மூச்சு முட்டும் என்கிறார் நர்ஸ். உதடு காய்ந்தால் ஒரு ஸ்பூன். அந்த ஸ்பூனை வாய்க்குள்ளேயே வைத்து அழுத்திக்கொள்கிறாள், பிடுங்க வேண்டியிருக்கிறது.

மற்றபடி, விடைத்தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன. வீட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடி பழுது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். உன் மகனின் நேர்முகத் தேர்வு என்ன ஆயிற்று? அம்மா நேற்று கேட்டாள். அவனுக்கு அழுத்தமான நிறத்தில் சட்டை போடச் சொல், வெளிர் நிறத்தில் மெலிந்து தெரிவான் என்றாள்.

நாளைக் காலை அவளிடமே கேட்கப் போகிறேன், நேராக. அவள் சொல்வதை அப்படியே டாக்டரிடம் சொல்வேன், விளக்கம் சேர்க்காமல். எதுவானாலும் நீ கிளம்பி வா. முடிவெடுக்க அல்ல, தூக்குவதற்கு. இரண்டு பேர் இருந்தால் கூச்சப்படாமல் கேட்பாள். விடுமுறை தரமாட்டார்கள் என்றால் கெஞ்சிக் கேள். நம் குடும்பத்தில் யாருக்கும் வராத வித்தை அது, நீயாவது பழகிக்கொள்.

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். வேலை வேலை என்று இருக்காமல் நிறையத் தண்ணீர் குடி.

இப்படிக்கு,
உன் தங்கை

மறுநாள்.

நேற்று இதை அனுப்பக் கை வரவில்லை. காலையில் போனில் உன்னிடம் கிளம்பு என்று மட்டும் சொன்னேன். மீதி இது.

கேட்டேன். இயந்திரம் என்ன செய்யும், என்ன ஆகலாம், வீட்டுக்குப் போனால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். வலிக்குமா என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். வீட்டுக்குப் போனால் யார் தூக்குவது என்றாள். நான் என்றேன். "உன் முதுகு?" என்றாள். அக்கா வருகிறாள், நாற்காலியும் வாங்கப் போகிறேன் என்றேன். நாற்காலி எப்படி இருக்கும் என்று விசாரித்தாள்; கைப்பிடி உண்டா என்று கேட்டாள். பிறகு, "மெஷினே வைக்கச் சொல்லு. இருந்து பாக்கறேன்" என்றாள்.

டாக்டரிடம் அப்படியே சொன்னேன். முன்பு வேறு மாதிரி சொன்னீர்களே என்றார். அது நான் சொன்னது, இது அம்மா சொன்னது என்றேன்.

தள்ளுவண்டியில் ஏற்றும்போது தண்ணீர் கேட்டாள். ஒரு ஸ்பூன் கொடுத்தேன். இன்னொன்று கேட்டாள். நர்ஸ் தலையசைத்து மறுத்தார். வந்ததும் தருகிறேன் என்றேன். கண்டக்டரம்மா தன் கட்டிலிலிருந்தே, "போய்ட்டு சீக்கிரம் வா, பேச ஆளில்ல" என்றார்.

பாதியிலேயே ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். மறுபடி முயன்று பார்க்க முடியாதாம். இப்போது பழைய கட்டிலில்தான் இருக்கிறாள். மூச்சு வருகிறது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

இனி தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தம்ளரை நிரப்பி வைத்துக்கொண்டு ஸ்பூனால் ஊட்டிப் பார்த்தேன். விழுங்கவில்லை. கடைவாயோரம் வழிந்து தலையணையை நனைத்தது. நர்ஸ் வந்து தலையணை உறையை மாற்றினார்.