கம்பளிக்குள் ஒரு குண்டான்

நேற்று கார்த்திகைத் தூறல். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவன், உன் கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அறைக்கு வந்தேன். கொடியில் விரித்த கொஞ்ச நேரத்தில் ஈர ஆட்டுமயிர் வாசனை அறை முழுக்க ஏறிவிட்டது. அந்த வாசனை வந்தாலே நீ சொல்வது நினைவு இருக்கிறதா? "நம்ம மூணாவது ஆளு வந்துட்டான்டா."

உன் கருமாதிக்கு உன் ஊரான தளிக்கு வந்திருந்தபோது உன் மனைவிதான் இதை எடுத்துவந்து கொடுத்தது. "அண்ணா, காய்ச்சல்ல கெடக்கும்போதே சொல்லிட்டாரு. இத அவன்கிட்ட குடுத்துடு, ஓசூரு குளுரு அவனுக்கு ஆவாதுன்னு." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை முந்திக்கொண்டது. நாலு பேர் முன்னால் என்னை அழவைத்துப் பார்க்க வேண்டும் என்று உனக்கு வெகுநாள் ஆசை. நிறைவேறிவிட்டது, போ.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் நாம் பிடித்த அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை இப்போது இல்லை. நான் கல்லாவியிலிருந்து வேலைக்கு வந்தவன். நீ தளிக்காரன், பேச்சில் பாதி கன்னடம். உன் கம்பெனி வேறு, என் கம்பெனி வேறு. நம்மிடம் இருந்த சாமான்களை எல்லாம் ஒரு கோணிக்குள் போட்டால் இன்னும் இடம் மிச்சமிருக்கும். ஏதாவது வாங்கலாமா என்று நான் கேட்டால் போதும், தடுத்துவிடுவாய். "ஒரு வேல மட்டும் செய்யற சாமானு சோம்பேறிடா. அதுக்கு எடம் குடுக்காத."

சொம்பில் வெந்நீர் ஊற்றி, அதையே இஸ்திரிப் பெட்டியாக்கிச் சட்டை தேய்ப்பாய். தேய்த்து முடித்த அதே வெந்நீரில் முகம் மழித்துக்கொள்வாய். அதற்குக் கண்ணாடி, துலக்கி வைத்த குண்டான் மூடி. அதில் எவன் முகமும் பூசணிக்காயாகத்தான் தெரியும். "பொண்ணு பாக்கப் போறப்பவும் இந்த மூடிதானா?" என்று கேட்டேன். "மூடியில பாத்துட்டு நேர்ல பாத்தா, பரவால்லன்னு தோணும்ல?" என்றாய்.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் இந்தக் கம்பளிதான். குறும்பர் நெய்த கறுப்புக் கம்பளி, உன் அப்பா கொடுத்தனுப்பியது. ராத்திரி எனக்குப் போர்வை. மழைக்குக் கொங்காணி. சட்டை தேய்க்க மடித்துப்போட்டால் மேசை. ஊரிலிருந்து யாராவது வந்துவிட்டால் விரித்துப்போட்டு உட்காரச் சொல்வோம்.

உனக்கு அப்போது இரவு ஷிஃப்ட், எனக்குக் காலை ஷிஃப்ட். வந்த புதிதில் ஒரு மத்தியானம், ஆறிக் கல்லாகிக் கிடந்த களியைப் பார்த்துவிட்டு, ஊருக்கே போகிறேன் என்று பையை எடுத்தவன் நான். களி ஒரு சாக்கு. பேச ஆளில்லாத ஊர் என்னைத் தின்றுகொண்டிருந்தது. நீ பையை வாங்கி ஆணியில் மாட்டினாய். மறுநாளிலிருந்து, காலையில் வந்ததும் களி கிண்டி, நீ சாப்பிட்டுவிட்டு, என் பங்கைக் குண்டானோடு கம்பளியில் சுற்றி மூலையில் வைத்தாய். நான் வரும்போது நீ தூங்கி எழுந்து டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பாய். களியில் சூடு இருக்கும். வயிறு நிறைந்தவன் வேறு எதை யோசிக்கிறான்?

ஒரு மார்கழியில் கம்பெனியில் கரண்ட் போய்விட்டது. இனி வராது என்று எங்களைக் காலையிலேயே அனுப்பிவிட்டார்கள். வெளியே பனி இன்னும் விலகவில்லை. கதவைத் தள்ளினேன். மூலையில் குண்டான், கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டு பெரிய வீட்டு மாமியார் போல உட்கார்ந்திருந்தது. நீ வெறும் பாயில், லுங்கியைத் தலைவரை இழுத்து, அதன்மேல் பழைய பேப்பரைப் பரப்பிக்கொண்டு, சுருண்டு கிடந்தாய். நீ மூச்சு விடும்போதெல்லாம் பேப்பர் சரசரத்தது.

எனக்கு வந்த கோபம்! உலுக்கி எழுப்பினேன்.

"ஏண்டா, குண்டானுக்குக் கம்பளி, உனக்குப் பேப்பரா? புத்தி கித்தி இருக்குதா?"

நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு முதலில் குண்டானைத்தான் பார்த்தாய். "தெறந்துட்டியா? சூடு போயிருமேடா."

"நெஞ்சுல சளி கட்டிச் சாவப்போற. எழுந்திரு, இன்னொரு கம்பளி வாங்கிக்கினு வரலாம்."

"பேடப்பா, பேடா." வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லித் தலையை ஆட்டினாய். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "ஆறுன களியப் பாத்தா நீ மறுபடியும் பைய எடுத்துருவ. ஒண்டியா நான் இங்க இன்னாடா பண்ணுவேன்?"

உனக்கும் அந்த ஊர் அப்படித்தான் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குண்டானைத் தூக்கி உன் வயிற்றோடு ஒட்டி வைத்து, உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கம்பளியால் மூடினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து உன் சிரிப்புக் கேட்டது. "டேய், குண்டானுக்கும் ரெண்டாவது வேல கெடைச்சிருச்சுடா!"

அதன்பிறகு அந்தச் சூட்டில் உன் தூக்கம் நீண்டது, நான் வரும்போதும் நீ குண்டானைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பாய். உன் கையை மெல்ல விலக்கி அதை உருவுவேன். தரையில் வைத்தால் தட்டு சத்தம் போடும் என்று மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன். எதிரில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தாலே சாப்பாட்டுக்கு அது துணைதான். அதற்கப்புறம் ஊருக்கே போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

உனக்குக் கல்யாணமாகி, நிலத்தைப் பார்க்கத் தளிக்கே திரும்பியபோது கம்பளியை உன் தோளில் போட்டு அனுப்பியது நான்தான். இப்போது எனக்கும் குடும்பம் இருக்கிறது, கல்லாவியில். நான் மட்டும் இங்கே வேறொரு அறையில். ஹாட் பாக்ஸ், இஸ்திரிப் பெட்டி, சுவரில் பெரிய கண்ணாடி, வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பஞ்சு ரஜாய் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் தன் ஒரு வேலையைச் செய்துவிட்டுச் சும்மா கிடக்கிறது. நானும் அப்படித்தான், கம்பெனிக்குப் போகிறேன், வருகிறேன். உன் கணக்கில் சோம்பேறிகள் நிறைந்த அறை இது. ரஜாய்மேல் உன் கம்பளியையும் போர்த்திப் பார்த்துவிட்டேன். குளிர் போகவில்லை.

இன்று விடியலில் களி கிண்டினேன். ஹாட் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, குண்டானைக் காய்ந்த கம்பளியில் சுற்றிப் பாயில் வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். மத்தியானம் வந்து தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை, ஆறவும் இல்லை. சுற்றி வைத்தவன் நான்தான், தெரியும். இருந்தாலும் கையை மெதுவாகத்தான் உள்ளே விட்டேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே பெங்களூர் ரோட்டில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அத்தனை இரைச்சலிலும் என் தட்டுச் சத்தம் கேட்காதபடி சாப்பிட்டு முடித்தேன். நீ தூங்குகிறாய், எழுப்பிவிடக் கூடாது.