ஒரு முழம் தள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கைக்கு இந்த முறை அந்த வரி வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாலு மாடி மாணவர் விடுதிக்கு முழு வயரிங்கும் உன் பொறுப்பு என்று அம்மா சொன்னாள். காய்கறிக்காரனிடம்கூடச் சொல்லிப் பூரித்துப்போகிறாள். அவளுக்கு மூட்டுவலி மருந்தை மாற்றியிருக்கிறார்கள். உன் மருமகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாய் மட்டும் குறையவில்லை.

அத்தானைப் பற்றி நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மனுஷன் வீட்டில் எதைப் பார்த்தாலும் முழம் போடுகிறார். அடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவே முழங்கையை வைத்து அளக்கிறார். விளக்குப் பக்கம் இருந்த திரைச்சீலையைக் கழற்றிவிட்டார். நான்தான் துணியை ஒட்டிப் போட்டிருப்பேன், எனக்குத்தான் ஞாபகம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

அதை அவர் வாயில் போட்டவன் நீ. அவர் வேலை பார்த்த சலவை நிலையத்தில் துணி பற்றி எரிந்த அன்றைக்கு, அந்த வாசலில் வெந்த கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு அவர் நின்றார். முதலாளி நின்றார், கூட வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். "ஹீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. துணிய ஒரு முழம் தள்ளிப் போடணும். அத்தான் ஒட்டிப் போட்டிருப்பாரு" என்றாய். அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். நீ அவசரமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதி வேலைக்கு அந்த ஊருக்குப் போனாய்.

அந்த உலர்த்தும் அறைக்கு இரண்டு ஹீட்டர்களை ஒரே மாதிரி பழுது பார்த்துக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றை மாட்டினாய். இன்னொன்று மாற்றுக்கு என்று மூலையில் கிடந்தது. எரிந்தது மாட்டியதுதான். மூலையில் கிடந்ததைப் பழைய இரும்போடு தூக்கிப்போட இருந்தார்கள். நான் கேட்டு வாங்கிவந்தேன். நீ அவசரத்தில் எங்கள் அலமாரியில் விட்டுப்போன, கரன்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரும் என்னிடம்தான் இருக்கிறது.

நான் வகுப்பில் மின்சாரப் பாடம் நடத்துவதைக் கேட்டு நீ சிரிப்பாய். புத்தகத்தில் கரன்ட் ஓடாது அக்கா என்பாய். ஓடிற்று, கேள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வைத்து அந்த ஹீட்டரைப் போட்டேன். அதன் உடம்பில் ஒட்டியிருக்கிற தகட்டில் 230 வோல்ட், 1000 வாட் என்றிருக்கிறது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால், நாலரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கவேண்டும். உன் மீட்டர் 9.2 காட்டியது. வோல்ட் சரியாக 230. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 25 ஓம். இருக்கவேண்டியது ஏறக்குறைய 53. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 2116 வாட். ஆயிரம் வாட் ஹீட்டர் இரண்டாயிரத்தைத் தாண்டிக் கொதித்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டுத் திறந்து பார்த்தேன். சூடேறுகிற கம்பிச்சுருள், அந்தக் காயில், பாதிதான் இருக்கிறது. அறுந்த காயிலுக்குப் புதிது வாங்கிப் போடாமல், கெட்ட பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் குறட்டால் முறுக்கி இணைத்திருக்கிறாய். நீளம் குறைந்தால் தடை குறையும், தடை குறைந்தால் கரன்ட் கூடும் என்று என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் தெரியும். உனக்கும் தெரியும். அங்கே ஃபியூஸ் போனபோது, இனிப் போகாதபடி தடிக்கம்பி சுற்றிக் கொடுத்தவன் நீதானே. துணி சட்டென்று காய்கிறது, மச்சினன் கைராசிக்காரன் என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மறுபடி மூடி, ஈரத் துண்டு ஒன்றைச் சரியாக ஒரு முழம் தள்ளிக் கட்டி ஹீட்டரைப் போட்டேன். முதலில் காய்ந்தது. பிறகு பழுப்பேறியது. புகை வந்ததும் நிறுத்தினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இதை அத்தானிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், பெண்டாட்டி தேற்றுகிறாள் என்பார். நீ சொன்னால் நம்புவார். இப்போதும் உன்னைத்தான் நம்புகிறார், பாவி. அதனால் நீ வரவேண்டும். எந்த வாசலில் சொன்னாயோ அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால் சொல்லவேண்டும். அவர்களிடம் நான் பேசிவிட்டேன், வருவார்கள். ஹீட்டரைப் போட்டு வைக்கிறேன். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சொல். சொல்லி முடிக்கும் வரை எழுந்திருக்க விடமாட்டேன்.

சொல்லிவிட்டால் அக்கா மன்னிப்பாள் என்று கணக்குப் போடாதே. நீ சொன்ன பிறகு, இதே அளவுகளோடு மின் ஆய்வாளரிடம் போவேன். உன் லைசென்ஸ் போகும். வராவிட்டால், அந்த விடுதி கட்டுகிற பொறியாளரிடம் முதலில் போவேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். அம்மா அழுவாள். அழட்டும். நான் அழுதபோது அவள் உனக்குப் பின்னிய கம்பளிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த விடுதியில் நீ இழுக்கிற கம்பிகளுக்கு அடியில் படுக்கப்போகிற பிள்ளைகள் எல்லோரும் தினமும் காலையில் நல்லபடியாகக் கண் விழிக்கட்டும். இப்போதைக்கு என்னிடம் இருக்கிற ஆசீர்வாதம் அவ்வளவுதான்.

கூட வரும் பொட்டலத்தில் அந்தத் துண்டு இருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டு வா.

இப்படிக்கு,
உன் அக்கா