முப்பத்து நாலு தக்காளி நாற்று

கெல்சன்கிர்ஷன்
7 ஜூன் 1964, ஞாயிறு

என் மகள் இர்ம்கார்டுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் டாஸ்மேனியாவில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தினமும் காலையில் எழுந்திருக்கிறேன். எழுதுகிறவள் வழக்கம்போலப் பக்கத்துத் தோட்டத்து ட்ரூடெ. உன் கடிதத்தையும் அவள்தான் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். முதல் தடவை சந்தோஷம், இரண்டாம் தடவை கோபம். தக்காளி இலை ஏன் சுருளுகிறது, நாற்றை எந்த மாதம் வெளியே நடலாம் என்று நீ அங்கே செய்தித்தாளுக்கு எழுதிப் போட்டாயாம், பேப்பர்காரனும் நாலு வரியில் பதில் அச்சடித்தானாம். அந்த மனுஷன் உன் தோட்டத்துக்கு வந்தானா, உன் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தானா, காற்று எந்தப் பக்கம் இருந்து அடிக்கிறது என்றாவது கேட்டானா. நாற்பத்தோரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணுக்கு அடியிலும் மிச்ச நேரம் மண்ணுக்கு மேலேயும் கிடந்த அப்பன் ஒருத்தன் உயிரோடு இருக்கும்போது நீ பேப்பர்காரனைக் கேட்கிறாய்.

உன்னை மட்டும் குறை சொல்லி என்ன, இங்கேயும் அதே கூத்துதான். நம் தோட்டச் சங்கத்துக்கு மார்ச் மாதம் நோட்டெபௌம் என்று ஒருவரை ஆலோசகராகப் போட்டார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் மேசை வேலை, மூன்று சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினவர். வந்த வேகத்தில் தோட்டக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் இருபது கேள்வி, அதற்கு இருபது பதில் என்று ஒரு தாளை அச்சடித்து வாசல் பலகையில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிவிட்டார். ட்ரூடெயை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வாரம் எத்தனை முறை தண்ணீர் ஊற்ற வேண்டும், இரண்டு முறை. எல்லாருக்கும் இரண்டு முறையாம். மேல் வரிசைத் தோட்டம் முழுக்கச் சுரங்கச் சாம்பல் கொட்டி நிரவினது, தண்ணீர் விட்டால் நீ திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போகும். கீழ் வரிசை எங்களுடையது களிமண், வாரம் இரண்டு முறை விட்டால் வாத்துதான் வளர்க்கலாம். கேரட் ஏன் இரண்டு கால் விட்டுப் பிளக்கிறது, புது எரு போட்டதால். என் பாத்தியில் பிளப்பதற்குக் காரணம் எரு இல்லை, பழைய நிலக்கரிக் கல், பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருக்கிறது. என்னிடம் யாராவது கேள்வி கேட்டால் நான் முதலில் திருப்பி நாலு கேள்வி கேட்பேன், அது உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வேலிக்கதவில் சாய்ந்து நின்று கேட்டவர்களுக்கு அதில் சலிப்பு வந்ததில்லை.

ஏப்ரல் கடைசியில் எனக்கு ஒரு கடிதம். சங்கத்து முத்திரை போட்டு, உறையில் என் பேர் தட்டச்சு அடித்து. பயிற்சி பெறாத உறுப்பினர்கள் மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்வதைத் தவிர்க்கவும், கேள்விகளை எழுத்தில் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போடவும். எழுத்தில். எனக்கு. இரண்டு குளிர்காலம்தான் நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தேன், மற்ற நாளெல்லாம் பண்ணைக்காரனுக்கு வாத்து மேய்த்தேன், அது அந்தச் சங்கத்தில் யாருக்குத் தெரியாது. ட்ரூடெ வாசித்து முடித்து, விடுங்க பெரியவரே, அடுப்பு பத்தவைக்க நல்ல தாள்தான் என்றாள். நான் விடவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாயிறு என் கதவுக்கு வந்தவர் இரண்டு பேர். அதற்கடுத்த ஞாயிறு ஒருவரும் இல்லை.

தாளில் ஏழாவது பதில் என்ன தெரியுமா. தக்காளி நாற்றை மே பதினைந்து, குளிர் சோஃபி நாள், கழிந்ததும் வெளியே நடலாம். அந்த நாள் தாண்டினால் உறைபனி இல்லை என்று இந்த ஊரே நம்புகிறது, நானும் மேல் வரிசைக்கு அதைத்தான் சொல்வேன். கீழ் வரிசைக்கு அது செல்லாது. மேட்டிலிருந்து இறங்கி வருகிற குளிர் ரயில் பாதை மேட்டைத் தாண்ட முடியாமல் எங்கள் ஒன்பது தோட்டத்திலும் குளத்துத் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். நீ பிறந்த வருஷம் மே இருபத்திரண்டு, சுரங்கத்து மூன்றாம் குழியில் ஆளேற்றும் கூண்டு சிக்கி நாங்கள் ஏணியில் ஏறி வந்த நாள், பீன்ஸ் முழுக்கக் கருகிப்போனது. நாற்பத்தொன்றில் மே பத்தொன்பது. ஐம்பத்திரண்டில் இருபத்தொன்று. எனக்கு எழுதிவைக்கத் தெரியாது, அதனால் மறக்கவும் தெரியாது. இந்த வருஷமும் புதன்கிழமை, இருபதாம் தேதி, விடியற்காலையில் வந்தது. கீழ் வரிசையில் எட்டுத் தோட்டம், எல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கியது. நோட்டெபௌம் தொப்பியும் சான்றிதழுமாக நடந்து வந்து பார்த்துவிட்டு, என் தோட்டத்துல ஒண்ணும் ஆகலையே சவாட்ஸ்கி ஐயா, தாள்ல போட்டது சரிதானே என்றார். அவர் தோட்டம் மேல் வரிசை. உங்க இடத்துல மட்டும் எப்படித் தப்பிச்சது என்று கேட்டார். எழுதிப் பெட்டியில் போடுங்கள் என்றேன்.

அப்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து காபி போட்டபோது நன்றாக இல்லை. இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்கள் மேல் கோபம், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், ட்ரூடெ நீ எழுதிக்கொண்டே போ. பதினாறாம் தேதி சனிக்கிழமை இவள் வேலியோரம் வந்து, இன்னிக்கு நட்டுடலாமா பெரியவரே என்று கேட்டாள். பிப்ரவரியிலிருந்து சமையலறை ஜன்னலில் வைத்து, வெயில் பக்கம் பார்க்கத் தினமும் சட்டியைத் திருப்பித் திருப்பி இவள் வளர்த்த நாற்று. அன்று காலையில்தான் நான் முழங்கையை மண்ணில் வைத்துப் பார்த்திருந்தேன், சவத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. என் நாற்று ஒன்றைக்கூட நான் வெளியே எடுக்கவில்லை. எனக்குத் தெரியும் இர்ம்கார்ட். தெரிந்துகொண்டே, என்னைக் கேட்டு என்ன, எனக்குச் சான்றிதழ் இல்லையே, பலகையில் போட்டிருக்கிறது போய் வாசி, உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய் வாசித்துவிட்டு வந்து நட்டாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு களை பிடுங்கினேன். முப்பத்திரண்டு நாற்று. நோட்டெபௌமுக்காவது தெரியாது. நேற்று என் இரண்டாம் தகரத் தட்டில் தாமதமாக விதைத்த நாற்று பதினெட்டை வேலிக்கு மேலே நீட்டினேன், கண் கலங்கி நன்றி சொன்னாள், இன்று ஒரு புட்டி நெல்லிக்காய் ஜாமோடு கடிதம் எழுத வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் புட்டியைத் திறக்க எனக்கு மனம் இல்லை.

பேனா நின்றுவிட்டது. ட்ரூடெ எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். முப்பத்திரண்டு இல்ல, முப்பத்து நாலு, எழுதறதுன்னா சரியா எழுதணும் என்றாள். அவள் திருத்தி எழுதட்டும், முப்பத்து நாலு.

உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு அங்கே இப்போது குளிர்காலம், என் தேதி எதுவும் உனக்கு உதவாது, பேப்பர்காரன் தேதியும் உதவாது. பனி விழுகிற காலையெல்லாம் தோட்டத்தில் எந்த மூலை கடைசியாக வெளுப்பு மாறுகிறது என்று பார்த்து வை, அந்த மூலையில் தக்காளி வேண்டாம். நடுகிற அன்று முழங்கையை மண்ணில் வைத்து நூறு எண்ணு, கையை எடுக்கத் தோன்றினால் நடாதே. இலை சுருளுவதற்கு நான் இங்கிருந்து என்ன சொல்ல, மேல் பக்கமா கீழ்ப் பக்கமா, வெயிலிலா நிழலிலா, எழுது. உன்னிடம் யார் வந்து கேட்டாலும், அவர் மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், தெரிந்ததைச் சொல்லிவிடு.

இன்னும் சொல்ல நினைத்தேன், இவள் பேனாவை வைக்கப் பார்க்கிறாள். நான் கொடுத்த பதினெட்டும் வெளிச்சம் போதாமல் நெட்டையாக வளர்ந்து வளைந்து நிற்கிறதாம், இதை எப்படி நடறது பெரியவரே என்று கேட்கிறாள். பள்ளம் தோண்டிப் படுக்க வைத்து, கழுத்து வரை மண் மூடி, தலையை மட்டும் வெளியே விட வேண்டும், தண்டெல்லாம் வேர் விடும். சொன்னால் புரியாது, போய்க் காட்ட வேண்டும்.

நீங்கள் எல்லாரும் குறைவில்லாமல் நூறு வருஷம் இருங்கள். மாப்பிள்ளையின் முதுகுக்கு ஆட்டுத்தோல் பட்டை கட்டச் சொன்னதை மறக்காதே.

உன் அப்பா
காட்லீப் சவாட்ஸ்கி