உப்புக் கரித்த மணல்

2005 புரட்டாதி 18, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்கு ஆற்று மணல் என்று காசு எடுத்த கட்டட வேலைக் கொந்தராத்துக்காரர் வாவிக்கரை உப்பு மணலைக் கொட்டிவிட்டார். சுனாமியில் விழுந்த வகுப்பறைகளை அந்த மணலால் எழுப்பினால் கம்பி கறள் பிடித்து, கூரை ஒருநாள் பிள்ளைகளின் தலையில் இறங்கும். மூன்று கிழமையாகச் சொல்லியும் ஒருவரும் கேட்கவில்லை.

இன்று பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு சிரட்டை மணல் கொண்டுபோனேன்.

அதிபர் சிரித்தார். "ஐயா என்ன இஞ்சினியரா?"

"இல்ல சேர். நாக்கு இருக்கு. நீங்களும் ஒருக்கா வாயில வெச்சுப் பாருங்க."

அவர் தயங்கினார். மீன் விற்கும் பாக்கியம் எழுந்து வந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். "ஓம் சேர், இதில கருவாடே போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அதிபரும் வைத்துப் பார்த்துத் துப்பினார். வேலையை நிறுத்தச் சொன்னார். நல்லகாலம், ஒரு தூணும் இன்னும் எழும்பவில்லை. பல நாளுக்குப் பிறகு இன்றுதான் சோறு இறங்கியது.

கொந்தராத்துக்காரர் நாளைக்கே மணலை அள்ள வேண்டும். நிறுத்தியதை அதிபர் எழுத்தில் தர வேண்டும். போன மாதக் கூட்டத்தில் 'ஆற்று மணல் கிடைத்தது' என்ற தாள் தேத்தண்ணியோடு சுற்றி வந்தபோது வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர்கள் எழுந்து அதைச் சொல்ல வேண்டும். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது; முதலில் நான் சொல்ல வேண்டும்.