வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

2025 ஒக்டோபர் 6, இக்காஸ்ட்

வேலையால் வந்து கதவைத் திறந்ததும் டானியல் அண்ணாவின் சப்பாத்தில் தடக்கி விழப் பார்த்தேன். பதினாறு வருடத்துக்கு முன் ஊரில் நடந்த கடைசி யுத்தத்தில் காணாமற்போன மகனுக்கு அம்மா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் புதுச்சோடி வாங்கி வாசலில் வைப்பார். "உந்தச் சப்பாத்தை உள்ளுக்காவது வையுங்கோவன்!" என்று கத்திவிட்டேன். அம்மா அதைத் துடைத்து அதே இடத்தில் வைத்தார். இன்னும் எத்தனை வருடம் இந்தக் கூத்து?

ஒக்டோபர் 9

சதுப்பு நிலத்தில் அகழ்ந்தெடுத்த சப்பாத்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. ரோமப் படையில் சேர்ந்திருந்த யாரோ ஒருவனுடையது. ஒற்றைதான். அடித்தோலில் இரும்பு ஆணிகள். காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் தண்ணீருக்குள் வைத்தே சேறு நீக்குகிறேன். குதியின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது. அண்ணாவும் அப்படித்தான் தேய்ப்பார் — இதை ஏன் எழுதுகிறேன்?

ஒக்டோபர் 13

இறந்தோர் நாள் பூசையில் வாசிப்பதற்குப் பெயர்கள் கேட்டுப் பங்குச் சுவாமி தொலைபேசி எடுத்தார். அம்மா வழமைபோல அப்பாவின் பெயரை மட்டும் சொன்னார்.

"அண்ணா?" என்றேன்.

"செத்தவையின்ர பேர்தானே கேட்டவர்."



ஒக்டோபர் 24

வேலையிடத்துக்குக் குடும்பத்தாரை அழைத்திருந்தார்கள். அம்மா சப்பாத்துத் தொட்டியருகே நெடுநேரம் நின்றார்.

"இவன் வீட்டை போய்ச் சேர்ந்தவனோ?"

"தெரியாதம்மா. ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு மேல."

"அவ்வளவு காலமும் இவனுக்காக ஒருத்தரும் மன்றாடேல்லையோ?"

அவன் எங்களைப்போல வேதக்காரனாகவே இருந்திருக்க மாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார். "இருக்கிறான், இருக்கிறான் எண்டு என்ர பிள்ளையை ஒரு மன்றாட்டும் இல்லாம விட்டிட்டன், யூலியானா."

காரை ஓரங்கட்டினேன். இத்தனை வருடமாக இதை ஒப்புக்கொள்ளச் சொல்லித்தானே அம்மாவோடு சண்டை பிடித்தேன்? கேட்டபோது தாங்க முடியவில்லை. "இல்லையம்மா, அண்ணா வருவார்" என்று அழுதது நான்தான்.

ஒக்டோபர் 26

அம்மா சுவாமியிடம் பெயர் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

பூசையில் அப்பாவின் பெயர், ஞானரட்ணம். அடுத்தது டானியல். அம்மா தளம்பாமல் மன்றாடினார். நான் அப்பாவுக்கு மட்டும் மன்றாடினேன்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் அண்ணாவின் சப்பாத்து இல்லை. காலையில் நான் கார் எடுக்கப் போன நேரத்தில் அம்மா எடுத்திருக்க வேண்டும்.

என் சப்பாத்தைக் கழற்றினேன். அந்த இடத்தில் வைக்க மனம் வரவில்லை. தள்ளி வைத்தேன்.